ஒரு கட்டிலு, ரெண்டு பாஸ்போட்டு

ஏலே பேராண்டி, அந்த லேப்டாப்ப மூடி வச்சிட்டு இந்த வேப்ப மூட்டுக்கு வா. தாயி, நீயும் வா. கட்டில்ல உக்காரு, மண்ணுல உக்காராத. கனடாவுல வாங்கின உடுப்பு கீழவைப்பாரு உப்புக்காத்துலயே பாதி நெறம் போயிருச்சு, மிச்சமாவது கெடக்கட்டும்.

உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு நாட்டுக் குடியுரிமை வேணுமாமே? உங்க பாட்டி அடுப்படியில சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறா. ஒரு பெஞ்சாதிய வச்சுக் காலந்தள்ளவே இந்தக் கரையில ஆம்பிளை முழி பிதுங்கி நிக்கான். நீ ரெண்டு தேசத்த வச்சுக் குடும்பம் நடத்தணும்ங்கிற. தைரியசாலிதான். ஆனா தேசம் சம்மதிக்கணும்லா?

உம் பெஞ்சாதி கத வேற. அவ பிறந்தது மன்னாரு, வளந்தது டொரண்டோ. கனடாக்காரன் 1977ல இருந்து ரெண்டு குடியுரிமைக்குத் தடை சொல்லுதது கெடையாது. இலங்கைக்காரனும் 1987ல சட்டத்தத் திருத்தி, வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைய எழந்தவன் விண்ணப்பம் போட்டா திருப்பித் தாரேன்னு கதவத் தொறந்து வச்சிருக்கான். ஆக தாயி, நீ நெனச்சா ரெண்டு வீட்டுக்காரி. இவன்? இவனுக்கு ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுல எவ கை ஓங்கும்னு இப்பவே தெரிஞ்சு போச்சு.

என்னடா பாட்டையா சட்டம் பேசுதாரேன்னு பாக்காத. கொழும்பு புறக்கோட்டையில கணக்கெழுதினவரு எங்க அப்பா. சின்ன எழுத்த வாசிக்காம கையெழுத்துப் போடக்கூடாதுன்னு அடிச்சுச் சொல்லிக் குடுத்தவரு. இந்திய அரசியல் சாசனத்துல 9ஆம் பிரிவு என்ன சொல்லுது? தானா விரும்பி வேற நாட்டுக் குடியுரிமை எடுத்தவன் இந்தியன் கெடையாது. 1955 குடியுரிமைச் சட்டத்துலயும் அதே 9ஆம் பிரிவு அதத்தான் சொல்லுது. எழுதிக் குடுக்க வேண்டாம், ஆபீசுக்குப் போக வேண்டாம், கண்ணீரு விட வேண்டாம். நீ அங்கன கையத் தூக்கிச் சத்தியம் பண்ணுத அந்த நிமிசமே இங்கன உன் கணக்கு முடிஞ்சுது. பெறவு அந்த நீலப் பாஸ்போட்டக் கொண்டு போயி ஒப்படைச்சு, சரண்டர் சர்டிபிகேட் வாங்கணும். பெட்டிக்கு அடியில மறைச்சு வச்சு அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு காட்டிட்டுத் திரிஞ்சேன்னு வையி, 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது குத்தம்.

சத்தியம்னு சொன்னேன்லா, அது யாருக்குன்னு வாசிச்சியா? சார்லஸ் மூணாம் ராசாவுக்கும் அவரு வாரிசுகளுக்கும் விசுவாசமா இருப்பேன்னு சொல்லணும். இங்கன பக்கத்துல ஒட்டப்பிடாரத்துல பிறந்த வ.உ.சி., 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல வாங்கிட்டு வந்து, வெள்ளக்காரக் கம்பெனிக்கு எதிரா தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டினாரு. பெறவு 1908ல ஜெயிலுக்குப் போயி செக்கிழுத்தாரு. அவரு எந்த ராசாவ எதுத்தாரோ அந்த ராசாவோட எள்ளுப்பேரனுக்கு நீ கையத் தூக்கிச் சத்தியம் பண்ணப் போற. தப்புன்னு சொல்லல மக்கா. சம்பளம் நல்லாத்தான் குடுக்கான்.

அதுலயும் கனடாக்காரியக் கட்டிட்டோம், நாளைக்கே கனடாக்காரன்னு நெனச்சிட்டு இருக்கியோ? கட்டிலு ஒண்ணாகலாம், குடியுரிமை ஒண்ணாகாது. மொதல்ல நிரந்தரக் குடியிருப்பு வாங்கணும், பெறவு அஞ்சு வருஷத்துல 1,095 நாளு அந்த மண்ணுல உடம்போட இருந்து காட்டணும். உன் மாமியாரு சிபாரிசு அங்கன செல்லாது.

எங்க அப்பா காலத்துல இந்தத் தொல்ல இல்ல. தூத்துக்குடியில தோணி ஏறினா கொழும்பு. பாஸ்போட்டும் இல்ல, விசாவும் இல்ல. ரெண்டு கரையும் ஒரே ராசாவுக்கு அடிமை, அந்த ஒரு வசதி. மரிச்சுக்கட்டியிலயும் சிலாவத்துறையிலயும் முத்துக்குளிப்புன்னா நம்ம கரை ஆளுவ தோணி தோணியாப் போவாவ. குளிச்செடுத்த சிப்பிய மூணு குவியலாப் போட்டு ரெண்டு குவியல சர்க்காரு எடுத்துக்கிடும், ஒண்ணு குளிச்சவனுக்கு. நீ எந்த ஊருன்னு எவனும் கேக்கல. குவியல் எத்தனைன்னுதான் கேட்டான். அங்கனயே தங்கி, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்து, கொழும்புலயும் நீர்கொழும்புலயும் பரதருன்னு ஒரு சனமே ஆகிப் போச்சு. 2001ல இலங்கையில சனத்தொகை எடுத்தப்ப தனி இனமாவே கணக்குல எழுதினாவ. நம்ம வீட்டுல மூணு தலைமுறைக்கு முன்ன எவன் எந்தக் கரைன்னு கேட்டா, பங்குக் கோயில் பழைய நோட்டத்தான் புரட்டணும்.

அப்புறம்லா எல்லாரும் சுதந்திரம் வாங்கினாவ. வாங்கின மறுநாளே பங்கு பிரிக்க உக்காந்துட்டாவ. இலங்கைக்காரன் தன்னோட குடியுரிமைச் சட்டத்த 1948 நவம்பர்ல கொண்டு வந்தான். அதுல தேயிலைத் தோட்டத்துத் தமிழருல பெரும்பாலானவன் ராவோட ராவா நாடில்லாதவன் ஆனான். பெறவு 1964 அக்டோபர் 30ல சாஸ்திரியும் சிறிமாவோவும் டெல்லியில கையெழுத்துப் போட்டாவ. 9,75,000 பேரு. அதுல 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரப் பத்திப் பெறவு பேசிக்கிடலாம்னு ஒத்தி வச்சாவ. 1974ல இந்திரா அம்மாவும் சிறிமாவோவும் உக்காந்து ஆளுக்கு 75,000 எடுத்துக்கிட்டாவ. புருசனுக்கு ஒரு நாட்டுத் தாளு, பெஞ்சாதிக்கு இன்னொரு நாட்டுத் தாளுன்னு எத்தனை குடும்பம் பிரிஞ்சு நின்னுச்சு தெரியுமா? நீங்க ரெண்டு பேரும் ஆசப்பட்டு ரெண்டு தாளு கேக்கிய. அவிய ஒத்தத் தாளு போதும்னு அழுதாவ.

மனுசரப் பிரிச்சு முடிச்சாச்சு, கடல மட்டும் விடுவானா? 1976 மார்ச்சுல நம்ம மன்னாரு வளைகுடாவுலயும் கோடு போட்டாவ. தாயி, நீ பிறந்த கரை அந்தப் பக்கம், இவன் பிறந்த கரை இந்தப் பக்கம். நடுவுல கோடு. இவன் அந்தக் கோட்டத் தாண்டாம ஆகாசத்துல சுத்தி, டொரண்டோ போயில்லா உன்னப் பாத்திருக்கான். எதுத்த கரைப் பொண்ணக் கட்டப் பூமியில பாதியச் சுத்தின மாப்பிள்ளைய இந்த ஊரு இப்பத்தான் பாக்கு.

இதுல இன்னொரு வேடிக்கை கேளு. பத்து வருஷம் போல நம்ம தமிழ்நாட்ட ஆண்ட எம்.ஜி.ஆர். பிறந்தது எங்க? இலங்கையில, கண்டிப் பக்கம் நாவலப்பிட்டியில, 1917ல. சாசனம் வரும்போது இந்த மண்ண வீடாக் கொண்டு அதுக்கு முந்தின அஞ்சு வருஷமாவது இங்கன குடியிருந்தவன் இந்தியன்னு 5ஆம் பிரிவு சேத்துக்கிட்டுது. சட்டத்துல அப்பிடி ஒரு தாராளம் இருந்த காலம் அது. இன்னைக்கு அவரு சின்னப் பையனா அம்மா கையப் பிடிச்சுட்டு வந்து எறங்கினா, எந்த வரிசையில நிப்பாட்டுவாவன்னு நீயே யோசி.

சரி, உன் காரியத்துக்கு வாரேன். நீ சொல்லுத அந்த ஓ.சி.ஐ. கார்டு. அதத்தான் ரெட்டைக் குடியுரிமைன்னு உன் கூட்டாளிமாரு சொல்லிட்டுத் திரியுதானுவ. 2005ல சட்டம் திருத்தி, 2006 சனவரியில ஐதராபாத்துல வச்சுக் குடுக்க ஆரம்பிச்சாவ. பழைய பி.ஐ.ஓ. கார்டையும் 2015ல இதோட சேத்துட்டாவ. மேல அசோகச் சிங்கம் இருக்கு, பேருல 'குடிமகன்'னு இருக்கு. அத நம்பி ஓட்டுச் சாவடிக்குப் போனா வெளிய தள்ளிருவான். எம்.எல்.ஏ., எம்.பி. ஆக முடியாது, சர்க்காரு உத்தியோகம் கெடையாது. சாகுத வரைக்கும் வந்து போக விசா, அவ்வளவுதான் அது. பேரு பெத்த பேரு, குடிக்க நீரு இல்லன்னு சும்மாவா சொன்னாவ.

நெலம் வேற இருக்கு. ஓ.சி.ஐ.க்காரன் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நெலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. நம்ம வைப்பாத்து ஓரம் பனங்காடு கெடக்குல்லா, உன் பூட்டன் வச்சது? அத நீ கனடாக்காரனாகி வாங்க முடியாது. வாரிசா வந்தா மட்டும் வச்சுக்கிடலாம். அதாவது நான் செத்தாத்தான் உனக்கு. அதனால நீ எந்த நாட்டுக்காரன் ஆகப் போறன்னு தெரியுத வரைக்கும் உன் கையால காப்பி வாங்கிக் குடிக்க நான் கொஞ்சம் யோசிப்பேன்.

தாயி, உனக்கும் அந்தக் கார்டு கெடைக்கும், இவனக் கட்டின வகையில. ஆனா நம்ம கோயில்ல கல்யாண ஓலைய மூணு ஞாயித்துக்கெழம வாசிச்சு, தடை இருக்கவன் சொல்லுங்கன்னு கேட்டு முடிச்சிருவாவ. டெல்லிக்காரனுக்கு அது பத்தாது. பதிவான கல்யாணமா இருக்கணும், விண்ணப்பம் போடுததுக்கு முந்தின ரெண்டு வருஷம் எடவெளியில்லாம நீடிச்சிருக்கணும். அது 2015 திருத்தம். இன்னொண்ணும் உண்டு. கல்யாணம் முறிஞ்சா, அதனால வந்த கார்ட ரத்து பண்ணலாம். கல்யாணம் இருக்கும்போதே இன்னொருத்தரக் கட்டினாலும் ரத்து. ஆக இனிமே நீங்க சண்ட போட்டா நான் பஞ்சாயத்துக்கு வர மாட்டேன். உள்துறை அமைச்சகம் ஒரு கட்சியா உள்ள உக்காந்திருக்கு, அவிய பாத்துக்கிடட்டும்.

முழு இந்தியாக்காரியாவே ஆகணும்னா? இவனக் கட்டிட்டு ஏழு வருஷம் இங்கன குடியிருந்து விண்ணப்பம் போடணும். இல்ல, ஓ.சி.ஐ. கார்டு வாங்கி அஞ்சு வருஷம் கழிஞ்சு, அதுல கடைசி ஒரு வருஷம் இங்கன இருந்து போடணும். அப்ப கனடாவையும் இலங்கையையும் கை கழுவணும். சோனியா அம்மா 1968ல கல்யாணம் முடிச்சு 1983லதான் குடியுரிமை எடுத்தாவ. பிரதம மந்திரி மாமியாரா இருந்தும் அவ்வளவு காலம். உனக்கு மாமியாரு யாரு? கருவாடு காயப் போட்டுக்கிட்டிருக்கா, பாரு அங்கன.

அதுக்காக இலங்கைக் குடியுரிமையத் திரும்ப வாங்கினா எல்லாம் ஆச்சுன்னும் நெனக்காத தாயி. ரெட்டைக் குடியுரிமைக்காரன் பாராளுமன்றத்துக்குப் போகக்கூடாதுன்னு அங்கன 2015ல 19ஆவது திருத்தம் போட்டாவ. சுவிஸ் குடியுரிமை வச்சிருந்த நடிகை கீதா குமாரசிங்கவுக்கு 2017ல பதவி போச்சு. 2020ல 20ஆவது திருத்தம் கொண்டு வந்து தடைய எடுத்தாவ. அந்த வழியில அமெரிக்கக் குடியுரிமையோட பசில் ராஜபக்ச 2021ல உள்ள வந்து நிதி மந்திரி ஆனாரு. மறு வருஷம் நாடே பெட்ரோலுக்கு வரிசையில நின்னுச்சு. 2022 அக்டோபர்ல 21ஆவது திருத்தம், தடை திரும்ப வந்துட்டு. ஒரு அண்ணன் தம்பி குடும்பத்துக்கு ஏத்தாப்ல சாசனம் ஏறி எறங்கின கூத்து இது. நீ மந்திரி ஆகப் போறதில்ல, சரி. ஆனா 1930ல ஹேக்ல போட்ட ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு. ரெண்டு நாட்டுக் குடியுரிமை உள்ளவ, அதுல ஒரு நாட்டுல மாட்டிக்கிட்டா மத்த நாடு தூதரு வழியாத் தலையிட முடியாதுங்கிது. கொழும்புல நீ இலங்கைக்காரின்னு எறங்கினா, கனடா வந்து காப்பாத்தும்னு சட்டமாப் பேச முடியாது. ரெண்டு வீட்டு விருந்தாளி பட்டினி கெடந்த கதைதான்.

பொம்பளைப் பிள்ளை, உனக்குன்னு ஒரு பழைய கணக்கும் சொல்லுதேன். வெள்ளக்காரன் நாட்டுல 1870ல இருந்து 1948 முடியுத வரைக்கும் ஒரு பொண்ணு அந்நியனக் கட்டினா அவ குடியுரிமை போச்சு. அமெரிக்காவுல 1907ல அதே சட்டம். 1922ல கேபிள் சட்டம்னு கொண்டு வந்து கொஞ்சம் தளத்தினாவ, ஆனா குடியுரிமைக்குத் தகுதியில்லாத இனத்தான்னு அவிய ஒதுக்கி வச்சவனக் கட்டினவளுக்கு அந்தத் தளர்வு இல்ல. 1923ல அவிய சுப்ரீம் கோர்ட்டு பகத் சிங் திந்துங்கிறவரு வழக்குல, இந்தியன் வெள்ளையன் கெடையாது, அதனால தகுதியும் கெடையாதுன்னு தீர்ப்புச் சொல்லிட்டு. வங்காளத்துப் புரட்சிக்காரரு தாரக்நாத் தாஸக் கட்டியிருந்த மேரின்னு ஒரு அமெரிக்கக்காரி, பிறந்த நாட்டுலயே நாடில்லாதவளா ஆனா. செஞ்ச குத்தம் ஒரு இந்தியனக் கட்டினது. இன்னைக்கு உன் பாஸ்போட்டு உன் பேருல உன் கையில இருக்குன்னா, அதுக்கு முன்னால அழுதவ எத்தனையோ பேரு. அதனால புருசன் சொன்னான்னு, புதுசு கைக்கு வருமுன்ன பழச விட்டுக் குடுத்திராத. இவன் என் பேரன்தான், நல்லவன்தான். ஆனாலும் குடுக்காத.

இப்பம் முக்கியமான காரியம். பிள்ளை. வெக்கப்படாதிய, நான் இருக்கதுக்குள்ள ஒண்ணப் பாத்துரணும். இந்தியாவுல ரெட்டைக் குடியுரிமையே கெடையாதுன்னு சொன்னேன்லா? ஒரு பொடி வாசல் உண்டு, அது பொடியனுக்குத்தான். தகப்பனோ தாயோ இந்தியனா இருக்கும்போது வெளிநாட்டுல பிள்ளை பிறந்தா, ஒரு வருஷத்துக்குள்ள இந்தியத் தூதரகத்துல பதியணும். வேற நாட்டுப் பாஸ்போட்டு பிள்ளைக்கு இல்லன்னு எழுதிக் குடுக்கணும். மண்ணுல பிறந்த வகையில கனடாக் குடியுரிமை அதுவா வந்திருக்கும், அத யாரும் கேக்கல. 18 வயசு முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள மத்தத விட்டுட்டா இந்தியன். விடலன்னா இந்தியாவுல பேரு எடுபட்டுரும். ஆக ரெண்டு தேசத்துக்கும் பிள்ளையா இருக்கலாம், மீச மொளைக்குத வரைக்கும்.

ஆனா எப்ப எதச் செய்யணும்னு நாளு பாக்கணும். சிங்கப்பூர்ல ஒரு தமிழ்க் குடும்பம். தகப்பனும் தாயும் 1998 டிசம்பர்ல சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தாவ. அப்ப பிள்ளை வயித்துல. 1999 மார்ச்சுல பிறந்தான். வளந்து ஆளாகி, நான் வயித்துல இருக்கும்போது எங்க அப்பா அம்மா இந்தியன்தான, எனக்கு இந்தியக் குடியுரிமையத் திருப்பித் தாங்கன்னு கேட்டான். சென்னை ஐகோர்ட்டு சரின்னு சொல்லிட்டு. 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு முடியாதுன்னுட்டு. என்ன காரணம்? தாய் தகப்பன் முறையா எழுதிக் குடுத்துத் துறந்திருந்தாத்தான் பிள்ளை வயசுக்கு வந்து ஒரு வருஷத்துக்குள்ள திரும்பிக் கேக்கலாம். இவிய வேற நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் சட்டப்படி தானாப் போச்சு, துறந்ததாகாதுன்னாவ. மூணே மாசம். அப்பன் அந்தச் சத்தியத்த மூணு மாசம் தள்ளி எடுத்திருந்தா, பையன் சங்கதியே வேறயா இருந்திருக்கும். கல்யாணத்துக்கு நாளு பாத்தவிய, இதுக்கும் பாருங்க.

அதனால பாட்டையா சொல்லுத புத்தி இதுதான். முத்துக்குளிக்க முங்குதவனுக்கு மேல கயிறு பிடிக்கது யாரு? மச்சினன். கூடப் பிறந்தவ தாலி அவன் கையில இருக்கு, கண்ண மூட மாட்டான், கயித்த விட மாட்டான். முங்கினவன் லேசா ஒரு சுண்டு சுண்டினாப் போதும், இழுத்துருவான். நீங்க ரெண்டு பேரும் அப்பிடித்தான் இருக்கணும். ஒருத்தரு முங்கினா மத்தவரு தோணியில நிக்கணும். அவ கையில கனடா இருக்கு, இருக்கட்டும். நீ உன் நீலப் பாஸ்போட்ட வச்சுக்கோ. கனடாவுல நிரந்தரக் குடியிருப்புக் கார்டோட இரு. அஞ்சு வருஷத்துல 730 நாளு அங்கன இருந்தா அது நெலைக்கும், சோலியும் பாக்கலாம். அவளுக்கு ஓ.சி.ஐ. வாங்கு. பிள்ளை பிறந்த ஒரு வருஷத்துக்குள்ள பதி. கல்யாணச் சர்டிபிகேட்டுலயும் பாஸ்போட்டுலயும் பேருல ஒரு எழுத்துக்கூட மாறாமப் பாத்துக்கோ. பாட்டி வச்ச பேரு ஒண்ணு, ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, பள்ளிக்கூடத்துல வாத்தியாரு எழுதினது ஒண்ணுன்னு மூணு பேரோட திரியுத ஊரு நம்ம ஊரு. சத்தியம் எடுக்கத அவசரம் இல்லாமப் பாக்கலாம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல முங்கிட்டு, பெறவு கயித்தப் பிடிக்க ஆளு தேடாதிய.

கூடி வாழுதவனுக்கு இதெல்லாம் ஒரு பெரிய கஷ்டமான்னு நீ கேக்க மாட்ட. நான் கேப்பேன். ஏன்னா, எட்டயபுரம் பக்கத்துல தாப்பாத்தி முகாம் இருக்கு. 2021ல அகதி முகாம்ங்கிற பேர எடுத்துட்டு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு மாத்தினாவ. பேரு மாறிட்டு. அங்கன இருக்க சனம் உன் சனம்தான் தாயி, அதே மன்னாரு, அதே வவுனியா. உங்க அப்பா விமானம் ஏறினாரு, அவிய வள்ளம் ஏறினாவ, அம்புட்டுத்தான் வித்தியாசம். அந்த மாதிரி முகாம்ப் பொண்ணுக்கும் வெளிய இருக்க இந்தியப் பையனுக்கும் கல்யாணம் நடக்கத்தான் செய்யுது. அதுவும் ரெண்டு நாட்டுக் கல்யாணம்தான?

அந்தப் பொண்ணுக்கு என்ன கெடைக்கும்? விசா இல்லாம வந்தவ சட்டப்படி சட்டவிரோதமா வந்தவ. அப்பிடிப்பட்டவளுக்கு, இந்தியனக் கட்டி ஏழு வருஷமில்ல எழுவது வருஷம் இருந்தாலும் பதிவு மூலமாக் குடியுரிமை கேக்க வழியில்ல. பிள்ளை? 2004 டிசம்பர் 3க்குப் பெறவு பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பன் ரெண்டு பேரும் இந்தியனா இருக்கணும். இல்ல, ஒருத்தரு இந்தியன், மத்தவரு சட்டவிரோதமா வராதவரா இருக்கணும். தகப்பன் இந்தியன், பிறந்தது தூத்துக்குடி பெரியாஸ்பத்திரி, ஆனாலும் தாய் வள்ளத்துல வந்தவன்னா, சட்டத்து எழுத்துப்படி பிள்ளை இந்தியன் கெடையாது. 2019ல குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டு வந்தப்ப பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்னு மூணு நாட்ட எழுதினாவ. கண்ணுக்கு எட்டுத தூரத்துல இருக்க இலங்கை அவிய கண்ணுல படல. 2025 செப்டம்பர்ல ஒரு உத்தரவு வந்துச்சு. 2015 சனவரி 9க்குள்ள வந்து பதிஞ்சிருக்க இலங்கைத் தமிழரு மேல பாஸ்போட்டு, விசா இல்லன்னு தண்டனை கெடையாதாம். நல்லது. ஜெயிலுக்குப் போக வேண்டாம். குடியுரிமைக்கும் போக முடியாது.

அதுலயும் தெரிஞ்சவன் பொழைச்சான். 1950 சனவரி 26க்கும் 1987 சூலை 1க்கும் எடையில இந்திய மண்ணுல பிறந்தவன் தாய் தகப்பன் யாரா இருந்தாலும் இந்தியன். மண்டபம் முகாமுல 1986ல பிறந்த ஒரு பொண்ணு இதக் கண்டுபிடிச்சு மதுரை ஐகோர்ட்டு வரைக்கும் போச்சு. 2022ல கோர்ட்டு பாஸ்போட்டு குடுக்கச் சொல்லிட்டு. 2024 மக்களவைத் தேர்தல்ல, 38 வயசுல, அது மொத மொதல்ல ஓட்டுப் போட்டுது. அந்த விரல் மையப் படம் பிடிச்சுப் பத்திரிகையில போட்டாவ. நீ போன தேர்தலுக்கு ஊருக்கு வந்துட்டு, வெயிலா இருக்குன்னு ஓட்டுப் போடப் போகல. எனக்கு ஞாபகம் இருக்கு.

கனடாவுல பத்திரமா இருக்கவளுக்குக் கட்டின புருசனால ரெண்டு வருஷத்துல கார்டு. தாப்பாத்தியில அல்லல்படுதவளுக்குக் கட்டின புருசனால ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் ஒரே கரைக்காரி, ரெண்டு பேரும் கட்டினது இந்தியன. இதுக்கு நியாயம் சொல்ல எனக்குத் தெரியல. சொல்லத் தெரிஞ்சவன் டெல்லியில இருக்கான், அவன் ஓட்டுக்கு மட்டும்தான் பயப்படுவான்.

வெளிநாட்டுல இருக்க இந்தியன் 2010 திருத்தத்துக்குப் பெறவு ஃபார்ம் 6ஏ குடுத்து ஊர் வாக்காளர் பட்டியல்ல பேரு வச்சிக்கிடலாம். வேற குடியுரிமை எடுத்திருக்கக் கூடாது, நேர்ல வந்துதான் ஓட்டுப் போடணும். அந்த ஒரு காரணத்துக்காகவாவது உன் பாஸ்போட்ட வச்சுக்கோலே. பேரப் பதி. அடுத்த தேர்தலுக்கு டிக்கெட்டு போட்டு வா. ஓட்டுக் கேட்டு வாரவன்கிட்ட, தாப்பாத்திப் பிள்ளைக்கு எப்பய்யா தாளு குடுப்பன்னு கேட்டுட்டு, பெறவு குத்து.